போய்ச் சேராத குண்டு

1909ஆம் வருஷம் விஜயதசமியன்று காலை ஒன்பதரை மணிக்குக் கல்கத்தாவின் கிடர்பூரில் வைத்தீஸ்வரனின் ரிவால்வரிலிருந்து புறப்பட்ட குண்டு, அவருடைய ஆறு வயது மகள் நாகலக்ஷ்மியின் மார்புக்கு இரண்டு முழம் முன்னால் காற்றில் நின்றது. சுவரில் மோதித் திரும்பவும் இல்லை, தரையில் விழவும் இல்லை. சுண்டுவிரல் நுனியளவு ஈயம், தரைக்கு மேல் ஒன்றேகால் முழ உயரத்தில், மூக்கைக் குழந்தையின் பக்கம் நீட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. அரைமணி நேரம் சூடாக இருந்து பிறகு ஆறிப்போயிற்று. தெருவில் துர்கா பூஜையின் கடைசி நாள் மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால் வெடித்த சத்தம் அடுத்த வீட்டு வங்காளத்து அக்கா நிஸ்தாரிணி தீதிக்குக்கூடக் கேட்கவில்லை. குழந்தை கையிலிருந்த பாடப் புத்தகத்தை மூடாமல், "அப்பா, இது என்ன?" என்று கேட்டாள்.

வைத்தீஸ்வரன் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியின் கிடங்குக்கு அதிகாரி. கிடங்கில் பட்டுச் சிப்பங்கள் இருந்ததால் கம்பெனி அவருக்கு லைசென்ஸோடு ஒரு ரிவால்வரும் ஐம்பது தோட்டாக்களும் கொடுத்திருந்தது. அவர் யாரையும் சுட்டதில்லை, எலியைக்கூட. ஆனால் அதைத் துடைப்பதில் அவருக்கு இருந்த சிரத்தை சந்தியாவந்தனத்தில் இல்லை என்று அவர் மனைவி ஜகதாம்பாள் கேலி செய்வதுண்டு. அவள் சமையலறை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கியபடியே அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியையும் மனப்பாடமாக அறிந்திருந்தாள்.

அந்தப் படிகளை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் அவற்றில் ஒன்று விட்டுப்போனதால் நடந்தது. அந்த மாதிரி ரிவால்வர் நடுவில் மடியும். மேலே இருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் தலைகுனியும், ஆறு அறையுள்ள உருளை தன் முதுகைக் காட்டும், உள்ளேயிருக்கும் தோட்டாக்கள் எழும்பி வெளியே விழும். அவற்றை எண்ணி டப்பாவில் போட்டு, டப்பாவை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். துடைக்கிற இடத்தில் தோட்டா இருக்கவே கூடாது. பிறகு, கண்ணை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் அறையாகச் சுண்டுவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஆறும் காலி என்று கண் சொல்லி, விரலும் சொன்ன பிறகுதான் அது இரும்பு. அதுவரைக்கும் அது துப்பாக்கி. குழலின் பின்புறம் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினால் நகத்தில் பட்ட ஒளி உள்ளே ஏறி, அழுக்கும் துருவும் தெரியும். சுட்ட துப்பாக்கியானால் முதலில் வெந்நீர் விட வேண்டும். இரும்புக்கு வெந்நீரா என்று சிரிப்பார்கள். ஆனால் வெடித்த மருந்து குழலுக்குள் ஓர் உப்பை விட்டுப்போகிறது, உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நன்றாக உலர்ந்த பின் பித்தளைக் கம்பியில் பழைய மல்துணி சுற்றிப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக ஓட்டிக் கடைசியில் எண்ணெய், பேருக்கு ஒரு சொட்டு. அதிகம் விட்டால் தோட்டாவுக்குள் கசிந்து மருந்தைக் கெடுத்துவிடும். தோல் உறையில் போட்டு வைக்கக் கூடாது. தோல் கல்கத்தாவின் ஈரத்தைக் குடித்து இரும்புக்கு ஊட்டும். கம்பளித் துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டுவதே சரி. திரும்ப எடுக்கும்போது, தானே துடைத்துத் தானே பூட்டியதானாலும், முதற்படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் வைத்தீஸ்வரன் இத்தனையும் செய்தார். ஆறு தோட்டாவை எண்ணிப் பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தார். துடைத்த ரிவால்வரைப் பூஜையில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். ஜகதாம்பாள் புத்தகங்களை அடுக்கினாள், மைக்கூட்டில் மை நிரப்பினாள், அரிசிப் படியில் தலை தட்ட அரிசி போட்டாள், குங்குமச் சிமிழை நிரப்பினாள். சாமி முன்னால் வெறும் பாத்திரம் வைக்கலாகாது. வைத்தால் வருஷம் முழுக்க அது வெறுமையாகவே இருக்கும் என்பது அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஒரேமாதிரி அனுசரித்த வழக்கம். கடைசியாக ரிவால்வரைக் கையில் எடுத்தாள். உள்ளே ஆறு அறை, ஆறும் காலி. ஒரு மணி அரிசியாவது இருக்க வேண்டாமா என்று நினைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவை எடுத்து, நெம்பைத் தள்ளி, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு மூடி, சந்தனம் இட்டு, பூ வைத்தாள். நல்லது செய்த நிறைவோடு வாசல் கோலத்தைப் பார்க்கப் போனாள்.

விஜயதசமியன்று பூஜையில் வைத்த சாமான் ஒவ்வொன்றையும் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். குழந்தை ஒரு வரி படிப்பாள், ஜகதாம்பாள் ஒரு தையல் தைப்பாள். வைத்தீஸ்வரன் ஒவ்வொரு வருஷமும் வெறும் ரிவால்வரைத் தெருப்பக்கச் சுவரைப் பார்த்துப் பிடித்து ஒரு தடவை விசையை இழுப்பார். டிக் என்று கேட்கும். அந்த வருஷத்து வேலை ஆரம்பமாகிவிடும். சாமியிடமிருந்து எடுத்ததைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. மடித்துப் பார்க்காமல் இழுத்தார். குழந்தை நாகு அந்த நிமிஷம்தான் தன் ஒரு வரியைப் படிக்கப் புத்தகத்தோடு ஓடிவந்து அந்தச் சுவரடியில் உட்கார்ந்தாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜகதாம்பாள் சமையலறைக்குள் ஓடியபோது குண்டின் மூக்கும் அவளோடு திரும்பியது. மொட்டைமாடிக்குப் போனால் மேலே நிமிர்ந்தது. வைத்தீஸ்வரன் தரையில் உட்கார்ந்து, "ஆறு எண்ணினேன். ஆறுதானேடி எண்ணினேன்?" என்று கேட்டார். ஜகதாம்பாள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அப்போது சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். வெடிகுண்டுப் பயத்தில் ஊர் முழுக்கப் போலீஸ் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அவர் குண்டைச் சுற்றி நாலு தடவை நடந்து, குடையால் தொட்டுப் பார்த்து, "குண்டு புறப்பட்டது உண்மை, ஆனால் போய்ச் சேரவில்லை, ஆகவே குற்றம் இன்னும் நடந்து முடியவில்லை" என்று எழுதிக்கொண்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். நிஸ்தாரிணி தீதி வந்து, ஜகதாம்பாளை வங்காளி வழக்கப்படி அண்ணி என்று அழைத்து, "ஓ மா! என்ன பௌதி, உங்க மதராஸ் தேசத்துல குண்டுகூட இவ்வளவு சோம்பேறியா?" என்று சிரித்தாள். குண்டு இருக்கும் இடம் தெரிவதற்காக அவளே விட்டத்திலிருந்து ஒரு சிவப்பு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். சிரித்தவள் வீட்டுக்குப் போய் அழுதது ஜகதாம்பாளுக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

வைத்தீஸ்வரன் ரிவால்வரைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, இனி அதைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார். துப்பாக்கியைத் துடைக்காமல் பூட்டியது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. கார்த்திகை மாதம் நிஸ்தாரிணி தீதிதான் முதலில் கவனித்தாள்: குண்டு சிவப்பு நூலைவிட்டு ஒரு சாண் முன்னால் போயிருந்தது. குறுக்கே கனமான தேக்குப் பலகை ஒன்றை நிறுத்தினார்கள். நாலு நாளில் பலகையில் தச்சன் துளைத்ததுபோல் சுத்தமான ஓட்டை விழுந்தது, குண்டு மறுபுறம் வந்திருந்தது. சுவரும் அதைத் தடுக்காது என்று அன்றைக்குப் புரிந்தது. தர்மதலாவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தார் வைத்தீஸ்வரன். மிஸ்திரி குண்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியிலிருந்த ரிவால்வரைப் பார்த்துத்தான் அதிர்ந்தார். "சுட்டுட்டுத் துடைக்காம வெச்சீங்களா? படிச்ச பாபுதானே நீங்க?" என்று திட்டினார். குழலுக்குள் செந்துரு பூத்திருந்தது. அவர் வெந்நீர் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து துடைத்து எண்ணெய் போட்டு முடித்த நிமிஷத்திலிருந்து குண்டு நகரவில்லை. பத்து நாள் துடைக்காமல் விட்டால் மறுபடி ஊர்ந்தது. துடைத்தால் நின்றது. நின்ற இடத்துக்குச் சிவப்பு நூலை மாற்றிக் கட்டினார்கள். அதற்கு மேல் அதில் புரிந்துகொள்ள எதுவும் இல்லை.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை ஏற்பட்டது. ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு வைத்தீஸ்வரன் குளித்துவிட்டுப் பாயை விரிப்பார், ரிவால்வரை மடிப்பார், விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு தடவை விட்டுப் பார்ப்பது போய் மூன்று தடவை ஆயிற்று, பிறகு ஒன்பது தடவை. தன் எண்ணிக்கையில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கிடங்கில் பூட்டிய பூட்டைப் பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். சாப்பாட்டில் எத்தனை பிடி சாதம் போட்டாள் என்று ஜகதாம்பாளைக் கேட்டார். ஊரில் அவருடைய தகப்பனார் காலமானபோது போய்க் காரியம் முடித்து வர இருபது நாளாகும், அதுவரை துடைக்க ஆளில்லை என்று கிடர்பூரிலேயே கர்மம் செய்தார். ஒவ்வொரு முறையும், 'ஆறு எண்ணினேன், எங்கே தப்பினேன்?' என்று அவர் முனகும்போது ஜகதாம்பாள் அடுப்பில் ஏதாவது கருகுவதாகச் சொல்லி எழுந்து போனாள். வருஷங்கள் போகப்போக அந்த ஒரு வாக்கியம் சொல்ல முடியாத அளவுக்குக் கனத்துவிட்டது.

நாகுவுக்கு மட்டும் குண்டிடம் பயமில்லை. அதை அவர் என்று மரியாதையாகத்தான் குறிப்பிட்டாள். "அம்மா, அவர் தூங்குவாரோ?" என்றாள் ஒருநாள். "அவருக்குக் கண்ணே கிடையாதுடி." "பின்னே எப்படி என்னையே முறைச்சுப் பாக்கறார்?" பள்ளிக்கூடம் விட்டு அவள் வருவதை வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம், குண்டு மெல்லத் தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் திரும்பும், ஜகதாம்பாள் பால் காய்ச்ச எழுந்திருப்பாள். பொங்கல் சமயத்துப் பௌஷ சங்கராந்திக்கு நிஸ்தாரிணி தீதி அனுப்பிய பிட்டா என்ற அரிசிப் பலகாரத்தைத் தின்றுகொண்டே நாகு கூடத்தில் இங்குமங்கும் ஓடி அதைச் சுழல வைத்து விளையாடுவாள். அப்போதெல்லாம் வைத்தீஸ்வரன் கண்ணை மூடிக்கொள்வார்.

1914இல் பாலிகஞ்சிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் சுந்தரேசன், பாங்கியில் குமாஸ்தா. அவன் தகப்பனார் மஹாதேவன் பெண் பார்க்க வந்து, பெண்ணைப் பார்த்துவிட்டுக் குண்டையும் பார்த்தார்.

"செவ்வாய் எட்டிலே இருக்குன்னா பரிகாரம் பண்ணிக்கலாம். இது கூடத்திலேயே இருக்கே, ஓய்!"

"அஞ்சு வருஷமா ஒரு இழை நகரலை" என்றார் வைத்தீஸ்வரன்.

"நீர் துடைக்க மறந்துட்டா?"

"மறக்க மாட்டேன்."

"அதுக்கு என்ன ஜாமீன்?"

"என் பொண்ணு."

மஹாதேவன் வெகுநேரம் தாம்பூலத்தை மென்றார். பிறகு முகூர்த்தத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து நாகு புக்ககம் போனாள். குண்டு கிழக்கே பாலிகஞ்ச் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டது. அதுவரைக்கும் ஜகதாம்பாள் அதைப் பார்க்கும்போதெல்லாம் சாமி பேரைச் சொல்லிக்கொள்வாள். இப்போது காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தாள். இம்மி வடக்கே சாய்ந்திருந்தால் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். காளிகட்டம் பக்கம் திரும்பினால் மாமியாரோடு கோவிலுக்கு. ஒருநாள் பகல் முழுக்க அது அசையாமல் இருந்தது; பெண்ணுக்கு ஜுரம் என்று மறுநாள் கடிதம் வந்தபோது ஜகதாம்பாள் ஏற்கெனவே மிளகு ரசத்துக்குப் பொடி இடித்து வைத்திருந்தாள். பெண்ணைக் கொடுத்த வேறு எந்தத் தாய்க்கும் கல்கத்தாவில் இப்படியொரு வசதி கிடையாது என்று நிஸ்தாரிணி தீதி பொறாமைப்பட்டாள். அவள் பெண் பர்த்வானில் இருந்தாள், ஆறு மாதத்துக்கு ஒரு கார்டு.

1920இல் நாகு முழுகாமல் இருந்தாள். முதற் பிரசவம் தாய்வீட்டில் என்பது கேட்டு முடிவுசெய்கிற விஷயமே அல்ல. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஜகதாம்பாள் உள்ளறையை வெள்ளையடிக்க ஆள் வைத்தாள். வைத்தீஸ்வரன் அந்த ஆளைத் திருப்பி அனுப்பினார்.

"அவ இங்கே வர வேண்டாம்" என்றார்.

"என்ன பேச்சு இது? தலைச்சன் பிரசவம் அம்மாவாத்திலேதான்."

"இருக்கறது ரெண்டு அறை. அவ படுத்தா அதுக்கும் அவளுக்கும் பத்து முழம்கூட இருக்காது. வலி எடுத்து ரெண்டு நாள் இழுத்தா, எழுந்து ஓட முடியுமா அவளாலே? அவ அலறிண்டிருக்கறச்சே நான் கூடத்திலே அதைப் பிரிச்சு வெச்சுண்டு உக்காரணும். கை ஆடினா? ஒரு படி விட்டுப்போச்சுன்னா? ஏற்கெனவே ஒருதரம் விட்டவன் நான்."

ஜகதாம்பாளுக்கு நூறு பதில் இருந்தது. நீங்கள் எண்ணியது சரிதான், உங்கள் கை தப்பவில்லை, தாராளமாக வரட்டும் என்று சொல்வதற்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் சொல்லாததை அவளால் அன்றைக்கும் சொல்ல முடியவில்லை. "சரி, ஒன்பதாம் மாசம் நான் போய் இருந்துக்கறேன்" என்றாள். பெண் பிறந்த வீட்டுக்கு வருவதற்குப் பதில் தாய் சம்பந்தி வீட்டுக்குப் போவது என்று நிச்சயமாயிற்று.

எட்டாம் மாதம் முடியுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வைத்தீஸ்வரன் குழலுக்குள் துணி ஓட்டிக்கொண்டிருந்தபோது, குண்டு நடுங்குவதை ஜகதாம்பாள் பார்த்தாள். கிழக்கே பார்த்தபடியே, குளிரில் பல் கிட்டுவதுபோல் நடுங்கிற்று. அவள் புடவையைக்கூட மாற்றவில்லை. நிஸ்தாரிணி தீதி ஒரு குதிரைவண்டியைப் பிடித்து அவளை ஏற்றிவிட்டாள். பாதி வழியில் காளி பூஜை ஊர்வலம் ஒன்று வண்டியை முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தது. வைத்தீஸ்வரன் பாயிலேயே இருந்தார். துடைத்து முடிக்காமல் எழுந்திருக்க அவருக்கு உரிமை இல்லை. காலை பத்தரை மணிக்குக் குண்டின் நடுக்கம் நின்றது. நல்லபடி முடிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். ஜகதாம்பாள் பாலிகஞ்ச் போய்ச் சேர்ந்தது பதினொன்றரை மணிக்கு. தாயும் சிசுவும் ஒரே பாயில் கிடந்தார்கள். வலியில் நாகு கடைசிவரைக்கும் தெருக்கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாக மாமியார் சொன்னாள்.

குண்டு கீழே விழுந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அது விழவில்லை. மயானத்தில் இருந்த இரவு முழுக்க மயானத்தைப் பார்த்தது. மூன்றாம் நாள் அஸ்தியை, காளிகட்டத்தை ஒட்டி ஓடிப் பெரிய நதியில் சேரும் ஆதிகங்கையில் கரைத்தார்கள். அன்று மாலை வடிநீரோடு சேர்ந்து குண்டு மெல்ல வடக்கே திரும்பியது. இரவெல்லாம் திரும்பித் திரும்பி மேற்கே வந்தது. விடிகிற நேரத்தில், பெரிய நதியில் கிடர்பூர் துறைக்கு நேரே, வீட்டுக்கு வெகு அருகில் அது கொஞ்சம் நின்றதை ஜகதாம்பாள் பார்த்தாள். அவள் எழுந்து பால் காய்ச்சினாள். ஆறும்வரை வைத்திருந்து வாசலில் ஊற்றினாள். பிறகு அது தெற்கே சாய்ந்து, கடல் இருக்கும் திசையில் மூக்கை நிறுத்திக்கொண்டது.

அடுத்த ஞாயிறு வைத்தீஸ்வரன் பாயை விரிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் விரிக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினைந்தாம் நாள் ஜகதாம்பாள் தரையைத் துடைக்கும்போது குண்டுக்கும் சிவப்பு நூலுக்கும் இடையில் விரற்கடை இடைவெளி பார்த்தாள். அது தெற்கே நகர்ந்திருந்தது.

அவள் பாயை விரித்தாள். பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்து, வாயைத் தரைக்குக் காட்டி, நெம்பைத் தள்ளி மடித்தாள். ஆறு அறையையும் பார்த்தாள். சுண்டுவிரலை ஒவ்வொன்றிலும் வைத்தாள். ஒரு படியும் தப்பவில்லை. வைத்தீஸ்வரன் தலையைத் திருப்பி அவள் கைகளைப் பார்த்தார்.

"நீ எப்போ கத்துண்டே?"

"அன்னிக்கே தெரியும்ன்னா. தெரிஞ்சதாலேதான் போட்டேன். நீங்க ஆறும் எடுத்தேள். வெறுமையா வைக்கப்படாதுன்னு ஒண்ணை நான்தான் திருப்பிப் போட்டேன்."

அவர் விரல் விட்டு எண்ணினார்.

"பதினோரு வருஷம்" என்றார். "நான் எண்ணத் தெரியாதவன்னு நெனச்சுண்டு அவளை வரவிடலையேடி."

"தெரியும்."

"வந்திருந்தா பக்கத்திலே நீயாவது இருந்திருப்பே."

"தெரியும்ன்னா."

அவர் அடிக்கக்கூட இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பிறகு, கிடங்கில் புது ஆளுக்கு வேலை சொல்லும் குரலில் சொன்னார்: "நீ போட்டே. சரி. யாராவது போட்டிருப்பாங்கறதுக்குத்தான் எடுத்ததும் திறந்து பாக்கணும்னு விதி. நான் பாக்கலை." அவள் கையிலிருந்து ரிவால்வரை வாங்கவில்லை. துணியைக் கிழித்துக் கம்பியில் சுற்றி நீட்டினார். "பின்பக்கத்திலேர்ந்து விடு. அவசரப்படாதே."

"இனிமே யாருக்காகன்னு கேக்க மாட்டேளே?"

அவர் குண்டைப் பார்த்தார். அது தெற்கே, கப்பல்கள் போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அங்கே போயும் அவளைப் பிடிச்சுடக் கூடாது" என்றார்.

அன்று முதல் இருவருமாகத் துடைத்தார்கள். அவள் மடித்துப் பார்ப்பாள், அவர் துணி ஓட்டுவார், எண்ணெயை அவள் விடுவாள். வேலை முடிந்ததும் அவரவர் பக்கம் எழுந்து போவார்கள். லைசென்ஸ் புதுப்பிக்க வந்த குமாஸ்தாக்கள் குண்டைச் சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வீட்டைப் பெருக்க வந்தவள் நாலாம் நாளே அதை விளக்குத் தண்டைப்போல் ஒதுங்கிப் பெருக்கப் பழகிக்கொண்டாள். குண்டு தெற்கே கடல் பக்கம் நிலையாக இருந்தது; அமாவாசை, பௌர்ணமிக்கு அலை ஏறும் நாட்களில் மட்டும் லேசாக அசைந்தது. 1922இல் மழை அதிகம். குழலுக்குள் ஈரம் சீக்கிரம் ஏறிற்று. அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையோடு புதன்கிழமையும் துடைத்தார்கள்.